தூரை விட்டுவிட்டு மரத்தை விற்றேன்

ஓய்வு பெற்ற கையோடு நான் செய்த முதல் வேலை, அப்பாவின் நிலத்தைப் பார்க்கப் போனது. 2018 ஜூன் மாதம். மதுரையிலிருந்து பரமக்குடி, அங்கிருந்து முதுகுளத்தூர், அதற்கப்புறம் ஒரு மினி பஸ். நாலு ஏக்கர் கரிசல் புஞ்சை. முழங்கால் தேய்ந்துபோனதால் அப்பா 2008-இல் விவசாயத்தை நிறுத்தினார், 2013-இல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். என் கணவரும் இல்லை, மகள் பெங்களூரில் இருக்கிறாள். ஆகப் பத்து ஆண்டுகள் அந்த மண்ணில் கலப்பை இறங்கவில்லை. வண்டிப்பாதையில் நின்று பார்த்தால் நிலமே இல்லை. பொழி என்கிற எல்லை வரப்பு எங்கே ஓடுகிறது, பக்கத்துப் புஞ்சை எங்கே தொடங்குகிறது, அப்பா வெயிலுக்கு ஒதுங்கும் வேம்பு எங்கே நிற்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக் கருவேலம், எங்கள் ஊர்ப் பேச்சில் கருவை. ஓர் ஆள் குனிந்துகூட உள்ளே நுழைய முடியாத அடர்த்தி. பாதையோரத்தில் உட்கார்ந்து அழுதேன். விற்றுவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த முள்ளுக்குள் கிடந்த நிலத்துக்கு ஊரில் சொன்ன விலையைக் கேட்டபோது அழுகை கோபமாக மாறியது. சுத்தம் செய்தே தீருவது என்று அன்று முடிவெடுத்தேன். அதற்கு ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்து வைத்திருந்தார்கள். முழுவதையும் கோத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மரத்தின்மேல் எனக்குப் பிறவிப் பகை எதுவும் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு நான் சிறுமியாக இருந்த காலம் முழுக்க அதில்தான் எரிந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில், மிளகாயும் இல்லை, குதிரைவாலியும் இல்லை என்று ஆனபோது, அம்மா கருவை விறகு வெட்டிக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து விற்றார். என் பள்ளிக்கூடத்துச் செலவில் ஒரு பங்கு அந்த விறகிலிருந்து வந்தது. இன்றைக்கும் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். எனவே இந்த மரத்தை அரக்கன் என்று யாராவது பேசினால் என்னால் உடன்பட முடிவதில்லை. ஆனால் என் நிலத்தை அது என்னிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது, அதுவும் உண்மை.

2019 தை மாதம் மர வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்தார். "டீச்சரம்மா, வெட்டுக்கூலி உங்களுக்குக் கிடையாது. ஆள், லாரி எல்லாம் என்னுடையது. அதற்கு மேல் உங்கள் கையில் பதினெட்டாயிரம் தருகிறேன்" என்றார். என் பணத்தைச் செலவழித்து வெட்ட வேண்டியதை ஒருவர் பணம் கொடுத்து வெட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும் என்று மகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டேன். பதினேழு நாள் வெட்டினார்கள். எத்தனை லோடு போனது என்று நான் எண்ணவில்லை, எடை மேடைச் சீட்டும் கேட்கவில்லை. கடைசி நாளில் போய்ப் பார்த்தபோது நாலு ஏக்கரும் வெளிச்சமாகக் கிடந்தது. அப்பாவின் வேம்பைக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் பட்டுப்போயிருந்தாலும் உயிரோடு நின்றது. அதைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நிலமெங்கும் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்ட அடிக்கட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. அவை வெயிலில் தானாகக் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் அப்படி நினைத்தேன் என்பதை எழுதவே கை கூசுகிறது.

ஆடியில் திரும்பப் போனேன். ஒவ்வொரு அடிக்கட்டையைச் சுற்றியும் ஐந்து, ஏழு, சிலவற்றில் பத்துத் தளிர்கள் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தன. ஒற்றைத் தண்டாக நின்ற மரம் இப்போது புதராகிவிட்டது. இரண்டு ஆட்களை ஆறு நாள் வைத்து அரிவாளால் கழித்துவிட்டேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் வீதம் 7,200 ரூபாய். கார்த்திகையில் முன்னைவிட அடர்த்தியாக வந்தது. அந்தப் பணத்தைக் கண்மாயில் எறிந்திருந்தாலும் பலன் ஒன்றுதான்.

சீமைக் கருவேலத்தின் உயிர் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேருகிற கழுத்தில் இருக்கிறது. அங்கே உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டுப்பட்டதும் அவை விழித்துக்கொள்கின்றன. கீழே ஆழத்துக்குப் போன வேர் அப்படியே இருப்பதால் தண்ணீருக்கும் சேமித்த உணவுக்கும் குறைவில்லை. தளிர் ஓட்டமாக ஓடுகிறது. இதன் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். அத்தனை ஆழத்தையும் நாம் தோண்ட வேண்டியதில்லை என்பதுதான் நல்ல செய்தி. கழுத்துக்குக் கீழே ஓர் அடி வரை மண்ணைப் பறித்து, அந்த மொட்டுப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டால் போதும், மீதி வேர் மண்ணுக்குள் மக்கிவிடும். ஆகவே மரத்தை விற்பதானால் தூரோடு, அதாவது அடிக்கட்டையும் அந்த வேர்க்கழுத்தும் சேர்த்துத்தான் விற்க வேண்டும். எங்கள் பகுதியில் கரி போடுகிறவர்களுக்குத் தூர்க்கட்டை நல்ல சரக்கு. நின்று எரிகிற கரி அதிலிருந்துதான் வரும். தூரை எடுத்துக்கொண்டால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று முதலிலேயே நான் பேசியிருக்கலாம். பதினெட்டாயிரத்துக்குப் பதிலாக ஒரு ரூபாயும் வாங்காமல் தூரோடு கொடுத்திருந்தால்கூட எனக்கு லாபமாக இருந்திருக்கும். ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதி, "தூர் எடுத்துக் குழி மூடித் தர வேண்டும்" என்ற வரியைச் சேர்த்து, பாதித் தொகையை அந்த வேலை முடிகிற வரை கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக விலை பேசாமல் டன் கணக்கில் பேசி எடைச் சீட்டைக் கேளுங்கள்.

2020-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊரடங்கு வந்தது, மகளுக்குப் பிரசவம் வந்தது. நான் பெங்களூரிலேயே இருந்துவிட்டேன். 2021 தை மாதம் நிலத்துக்குப் போனபோது புதர்கள் என் தலைக்கு மேலே நின்றன.

இந்த முறை ஜேசிபி வைத்து வேரோடு எடுப்பது என்று தீர்மானித்தேன். அதற்கு முன் எல்லையைத் தெரிந்துகொள்ளாமல் விட்டது இரண்டாவது பிழை. பட்டா கையில் இருந்தது, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம் வாங்கவில்லை. பழைய பொழி இந்த வரிசைதான் என்று ஊர்க்காரர் ஒருவர் காட்டியதை நம்பி இயந்திரத்தை விட்டேன். அது பக்கத்து நிலத்துக்குள் இரண்டு கஜம் போய்விட்டது. நிலத்துக்காரர் திருப்பூரில் இருக்கிறார். அவருடைய அண்ணன் வந்து சண்டை போட்டார். மரத்துக்கு நட்டஈடாக 3,000 ரூபாய் கொடுத்துப் பேசி முடித்தேன். முள் அடர்ந்த நிலத்தில் அளவைக்காரர் சங்கிலி இழுக்க முடியாது என்பது உண்மைதான். அதற்கு வழி, முதலில் நாலு ஓரத்திலும் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குப் பாதை வெட்டிக்கொண்டு, அளந்து கல் ஊன்றிவிட்டுப் பிறகு நடுப்பகுதிக்குப் போவது.

இன்னொரு இழப்பும் அப்போது நேர்ந்தது. அது பணக்கணக்கில் வராது. தென்மேற்கு மூலையில் ஒரு குடைவேலம் நின்றது. எங்கள் ஊரில் உடைமரம் என்போம். உச்சியில் குடை விரித்தாற்போல இருக்கும், இந்த மண்ணுக்கே உரிய மரம். அப்பா காலத்தில் ஆடுகளுக்கு அதன் நெற்றைத் தொரட்டியால் உலுக்கிப் போடுவோம். நான் நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் ஜேசிபி அதைச் சாய்த்துவிட்டது. ஓட்டுநர் இளைஞர். "முள்ளாக இருந்ததே அம்மா, நான் அதுவும் கருவை என்று நினைத்துவிட்டேன்" என்றார். அவர்மேல் தவறில்லை. ஒரு வன்னி மரம் அன்றைக்குத் தப்பியது, அதை மட்டும் நான் ஓடிப்போய் மறித்தேன். வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் குழப்பம் வரும். இரண்டும் நெருங்கிய உறவு. ஒரே பேரினத்தில் வைத்திருந்தவற்றை 2022-இல்தான் தாவரவியலார் பிரித்தார்கள். கிளையைக் கையில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். சீமைக் கருவேலத்தில் இலை புறப்படுகிற கணுவில் நீளமான முள் இரண்டிரண்டாக நிற்கும். வன்னியில் சிறு முட்கள் கணுக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இயந்திரம் வருவதற்கு முதல் நாளே, ஊரில் மரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் பழைய சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். ஒரு வேம்பையோ உடையையோ திரும்ப வளர்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜேசிபிக்கும் பருவம் உண்டு. 2021 தை மாதத்தில் தென் மாவட்டங்களில் காலம் தவறிய பெருமழை பெய்தது. ஈரத்தில் வேர் சுலபமாக வரும் என்று மழை விட்ட மூன்றாம் நாளே வண்டியை வரவழைத்தேன். கரிசல் மண்ணின் குணத்தை மறந்துவிட்டேன். சக்கரம் பாதி புதைந்து, இன்னொரு வண்டி வந்து இழுக்கிற வரை நின்றது. நின்ற நேரத்துக்கும் வாடகை உண்டு. மாசிக் கடைசியில், மேல்மண் காய்ந்து அடிமண்ணில் ஈரம் இருந்தபோது வேர் கொத்தாக எழுந்து வந்தது. அதுதான் சரியான நேரம். கோடையில் நெற்று பழுத்து உதிரத் தொடங்குவதற்கும் அது முந்தியது. மொத்தம் 42 மணி நேரம், மணிக்கு 1,100 ரூபாய், 46,200 ரூபாய் ஆனது. தூரைப் பிடுங்கிய கையோடு ஒரு பக்கமாகக் குவிக்கச் சொல்லுங்கள். மண்ணோடு புரட்டிவிட்டால் ஈரத்தில் சில தூர்கள் படுத்தபடியே தளிர்க்கின்றன. நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் குதிகாலில் முள் ஏறியது. சாதாரண ரப்பர் செருப்பு, அதைத் துளைத்துக்கொண்டு ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஊசியால் கிளறி எடுத்துவிட்டேன் என்று நினைத்து வேலையைப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் காலை ஊன்ற முடியவில்லை. மதுரையில் எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. முள், மரச்சிலாம்பு போன்றவை எக்ஸ்ரேயில் தெரிவது அரிது என்று மருத்துவர் சொல்லி ஸ்கேன் எடுத்தார். ஒன்றரை அங்குல முள். அறுவை, மருந்து எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய், மூன்று வாரம் படுக்கை. யாருமில்லாத வீட்டில் தண்ணீர் எடுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த மூன்று வாரமும் இந்த நிலம் எனக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டேன். கருவைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் டயர் செருப்புப் போடுவது காரணமில்லாமல் இல்லை. கனத்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வாங்குங்கள், டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிளைக்குக் கீழே போகாதீர்கள். முள் குத்தி மூன்று நாளில் வலி குறையாவிட்டால் ஸ்கேன் எடுக்கிற மருத்துவரிடம் போங்கள்.

இனி நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். நிலம் சுத்தமாகிவிட்டது. உரம் போடாத மண்ணாக இருந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது, கிடை போட்டால், அதாவது ஆடுகளை இரவில் நிலத்தில் அடைத்து வைத்தால், எருவுக்கு நல்லது என்று எண்ணினேன். அப்பாவும் ஆண்டு தவறாமல் கிடை போடுவார். சித்திரையில், ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிற கீதாரி ஒருவர் ஆடுகளோடு அந்தப் பக்கம் வந்திருந்தார். எட்டு இரவுகள் கிடை அமர்த்தினேன், இரவுக்கு 1,200 ரூபாய், மொத்தம் 9,600. புழுக்கை நிலம் முழுவதும் பரவியிருந்ததைப் பார்த்து மனம் நிறைந்தது. 2021 ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. போய்ப் பார்த்தால் நிலமெங்கும் பச்சை. முதலில் சந்தோஷப்பட்டேன். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சின்னச் சின்ன இரட்டை இலைகளோடு புழுக்கை கிடந்த இடமெல்லாம் கருவைக் கன்றுகள்.

சித்திரை, வைகாசி என்பது நெற்று பழுக்கும் காலம். இனிப்பான நெற்று, புல் காய்ந்துபோன கோடையில் ஆடு வேறெதைத் தின்னும்? நெற்றின் சதை செரிக்கும், கெட்டி ஓட்டுக்குள் இருக்கிற விதைகளில் பெரும்பகுதி செரிக்காது. குடலுக்குள் போய்வந்த விதை நன்றாகவே முளைக்கிறது, முளைத்த இடத்தில் எருவும் தயாராக இருக்கிறது. நான் பணம் கொடுத்து விதைத்திருக்கிறேன். கீதாரியிடம் பின்னர் ஒருமுறை இதைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். "தாயி, நெற்றுக் காலத்தில் கிடை கேட்டால் நாங்களே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் ஆடு போகிற இடமெல்லாம் கருவைதான், எங்கே போய் மேய்ப்பது?" என்றார். கிடை போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கரிசலுக்கு அது பெரும் செல்வம். நெற்றுக் காலத்தைத் தவிர்த்துப் போடுங்கள், ஆடுகள் முந்தின வாரம் எங்கே மேய்ந்தன என்று கேளுங்கள். எரு வாங்குவதானால் நன்றாக மட்கிய எருவாக வாங்குங்கள். கென்யாவில் பாரிங்கோ ஏரிக்கரை மக்கள், இந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டதற்காக 2006-இல் அரசின்மேல் வழக்குத் தொடர்ந்து, இந்த நெற்றைத் தின்று பல் போன ஓர் ஆட்டை நீதிமன்றத்துக்கே கூட்டிப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அவர்கள் எல்லோரும் எனக்கு உறவினர்கள்போலத் தோன்றினார்கள்.

கன்றுகளைப் பார்த்த அன்றே ஆள் கூப்பிட்டிருக்க வேண்டும். பொங்கலுக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். மார்கழியில் பதினெட்டுப் பெண்கள் ஐந்து நாள் குனிந்த தலை நிமிராமல் பிடுங்கினார்கள். ஆளுக்கு 250 ரூபாய் வீதம் 22,500 ரூபாய். "பதினைந்தாம் நாள் கூப்பிட்டிருந்தால் ஒரு நாள் வேலை அக்கா. இப்போது ஒவ்வொன்றுக்கும் களைக்கொத்து வேண்டியிருக்கிறது" என்றாள் அவர்களில் ஒருத்தி. ஒரு சாண் கன்றைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் என் முழங்கை நீளம் இருந்தது. மழை பெய்து இரண்டு வாரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, இரண்டு விரலால் இழுத்தால் கன்று வந்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அந்த இரண்டு வாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து நாளும் வரப்பில் உட்கார்ந்து நான் யோசித்த விஷயம் ஒன்று உண்டு. பயிருக்கு இடையே வேண்டாமல் வளரும் செடி களை என்று எத்தனை வகுப்புகளுக்கு எழுதிப்போட்டிருப்பேன்! அது போதாது. அம்மா களையெடுக்கப் போனால் பண்ணைக்கீரையை மட்டும் தனியே பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார். அன்று இரவு வீட்டில் அதுதான் குழம்பு. பாடப்புத்தகக் கணக்கில் அது களை, எங்கள் வீட்டில் அது சாப்பாடு. அருகம்புல் வயலில் களை, பிள்ளையாருக்கு மாலை. சீமைக் கருவேலமோ யாரும் வேண்டாமல் வந்ததே இல்லை. விறகுக்காக வேண்டித்தான் 1870-களில் சென்னை மாகாணத்தின் வறண்ட பகுதியில் விதைத்தார்கள். ஜோத்பூர் சமஸ்தானம் 1940-இல் அதை அரச மரியாதைக்குரிய செடியாக அறிவித்தது. எங்கள் ஊரில் வேலிக்கு என்று நட்டோம், வேலிக்காத்தான் என்று பெயரும் வைத்தோம்.

வெளிநாட்டு மரம் என்பதும் காரணம் ஆகாது. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முண்டு மிளகாய் இல்லாமல் இராமநாதபுரம் உண்டா? எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஊரணிக் கரையில் நாம் மதிக்கிற நம்முடைய நாட்டுக் கருவேலத்தை 1890-களில் நிழலுக்காக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது மேய்ச்சல் நிலங்களை விழுங்கிவிட்டது. நாட்டின் மிக மோசமான களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இங்கே சாதுவாக நிற்கிற மரம் அங்கே போனதும் வேறு குணம் காட்டுகிறது என்றால், களை என்பது செடியின் பிறப்பில் மட்டும் இல்லை. தாயகத்தில் சீமைக் கருவேலத்தின் விதையைத் தின்றே பிழைக்கிற வண்டுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் அந்த வண்டுகளைத் தருவித்து விட்டுப் பார்த்தன. நம் ஊரில் அதைத் தடுத்தது கலப்பை. உழுது விதைத்துக் களையெடுத்த நிலத்துக்குள் கருவை வந்ததில்லை, பொழியில்தான் நின்றது. நாங்கள் பிழைப்புக்காக மதுரைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன பிறகுதான் அது நடுநிலத்துக்கு வந்தது. வந்த பிறகு, மற்றதை வாழவிடவில்லை. அதன் இலைச்சருகில் இருக்கிற வேதிப்பொருள்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. வெட்டினால் திரும்ப வருகிறது. ஒரு செடி யாரும் நடாமலே பெருகி, பக்கத்தில் எதையும் விடாமல், எடுத்தாலும் தானே திரும்பி, எடுக்கிற செலவு ஏழையின் கைக்கு மீறிப்போகும்போது, அதை நான் களை என்பேன். நாலும் சேர வேண்டும்.

கைபேசியில் சுற்றுகிற செய்திகளையும் நம்பிவிடாதீர்கள். இந்த மரம் ஆக்சிஜனே தராது என்று படித்த உறவினர் ஒருவர் எனக்கு அனுப்பினார். பச்சை இலை உள்ள எந்த மரமும் தரும். இது அவரை, துவரைக் குடும்பத்து மரம், வேரில் நைட்ரஜனைச் சேர்க்கிறது. நான் சுத்தம் செய்த மண் உயிரற்றுப் போயிருக்கவில்லை. பொய்யான பயம் இருந்தால் ஆவேசமாக ஒரு முறை வெட்டிவிட்டு மறந்துபோவோம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இவற்றை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊரே திரண்டு ஊரணிக் கரையை வெட்டியது. சில மாதத்தில் இடைக்காலத் தடை வந்தது, வேலை நின்றது. தூரை யாரும் எடுக்கவில்லை. 2019-இல் அந்தக் கரை பழையபடி நின்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் படர் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. அகற்றிய இடத்தில் மண்ணுக்குரிய தாவரங்களை மீட்டெடுப்பதையும் அது பேசுகிறது. அந்த இரண்டாவது பாதிதான் கடினமானது.

எனக்கு அது 2022 புரட்டாசியில் தொடங்கியது. இரண்டு முறை உழவு, 13,200 ரூபாய். மூன்று ஏக்கரில் குதிரைவாலி விதைத்தேன். வேகமாக மூடுகிற பயிர், மானாவாரிக்குப் பழகியது. இடையில் களையெடுத்தபோது கருவைக் கன்றும் சேர்ந்து வந்தது. அதற்கென்று தனிக்கூலி ஆகவில்லை. மீதி ஒரு ஏக்கரில், திருப்பூர்க்காரர் நிலத்தை ஒட்டிய பக்கம், வேம்பும் புங்கமும் பனை விதையும் வைத்தேன். உடைமரத்து விதையும் தேடிப்பிடித்துப் போட்டேன். பதினொன்று முளைத்தன, நாலு நிற்கின்றன. சுத்தம் செய்த நிலத்தைச் சும்மா ஒரு மழைக்காலம்கூட விடாதீர்கள். விதைக்கக் காசு இல்லை என்றால் பசுந்தாள் உரச்செடியான கொழிஞ்சியாவது தூவுங்கள். மண்ணுக்குள் பழைய விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மேலே வெற்றிடம் கிடைத்தால் எழுந்துவிடும்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். உழவு, இயந்திரம், கூலி, கிடை, நட்டஈடு, கால் வைத்தியம் எல்லாம் சேர்த்து 1,15,700 ரூபாய். மரம் விற்று வந்தது 18,000. பஸ் செலவையும் ஐந்து ஆண்டுகளையும் நான் கூட்டவில்லை. முதல் ஆண்டிலேயே தூரோடு எடுத்து, அந்தப் புரட்டாசியிலேயே விதைத்திருந்தால் பாதிக்கும் கீழே முடிந்திருக்கும் என்பது என் கணக்கு. 2023 தையில் பதினொரு மூட்டை குதிரைவாலி வீட்டுக்கு வந்தது. அப்பா படத்துக்கு முன்னால் ஒரு படி வைத்தேன்.

போன ஐப்பசியில் மழை பெய்த பத்தாம் நாள் நிலத்துக்குப் போனேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வரிசை வரிசையாக நடந்து, கையால் பிடுங்கி, எண்ணினேன். நாலு ஏக்கரில் 61 கன்றுகள். அதில் 48 திருப்பூர்க்காரர் பொழியை ஒட்டியே இருந்தன. அந்தப் பக்கம் இன்னும் காடுதான். மத்தியானம் வேம்படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். எனக்கு என்ன ஆனது, எவ்வளவு போனது, எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினோம். "தூரோடு எடுக்கிற ஆள் உங்களுக்குத் தெரியுமா அக்கா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். மாசியில் வருகிறாராம்.